நானூற்றைம்பது வாட்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதுமே கடைக்காரருக்கு அது தன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் விற்றது. உள்ளே மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளையின் மேல் 450 வாட் என்று ஒரு ஸ்டிக்கர். அதற்கு அடியில் 300 என்ற பழைய ஸ்டிக்கர் இருப்பது உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் இப்போது திருப்புளியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"என்னண்ணே, பொணத்தப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? பழசுதான், ஆனா உயிரோடதான் இருக்கு" என்றாள் எதிரே ஸ்டூலில் இருந்தவள்.

வீடு கட்டுவதற்கு முன்பே அதன் அறைகளை அச்சு அசலாக வரைந்து காட்டுவது அவள் தொழில். கணவர் படுத்த படுக்கையான பிறகு வீட்டுக்கு வருகிற பணம் அது ஒன்றுதான். பெரிய கம்பெனி ஒன்று திங்கட்கிழமை மதியத்துக்குள் பன்னிரண்டு மாதிரிப் படங்கள் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் நிரந்தர வேலை. அவளுடைய பழைய கிராபிக்ஸ் கார்டில் ஒரு படம் முடியவே ஒரு நாள் ஆகிறது.

அவள் கைக்கு எட்டுகிற விலையில் கடையில் ஒரு செகண்ட்ஹேண்ட் கார்டு இருந்தது. நல்ல கார்டுதான். ஆனால் மின்சாரத்துக்கு அதற்கு அசுரப் பசி.

"பவர் சப்ளையையும் மாத்திடலாம்மா. தாங்காது."

"ஆரம்பிச்சிட்டீங்களா! கார்டு வாங்க வந்தவ தலையில கடையவே கட்டிடுவீங்க போல. எவ்வளவு வாட் வேணுமாம் இந்தக் கார்டுக்கு?"

"நானூறாவது வேணும்."

"நானூத்தம்பதுன்னு போட்டிருக்கே. நீங்க வித்ததுதானேண்ணே?"

காசு வேண்டாம், சும்மாவே மாற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லலாம். ஏன் சும்மா என்று கேட்பாள். கேட்டால் அந்த ஸ்டிக்கரை உரிக்க வேண்டும்.

"சரிம்மா" என்றார்.

கார்டைச் செருகி அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஓடியது.

"பாத்தீங்களா, வீணா பயமுறுத்துறீங்க" என்று பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை போனை எடுத்தார். அவள் எண்ணைப் பார்த்தார். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவள் கடைவாசலில் நின்றிருந்தாள். பெட்டியை மேசையில் வைப்பதற்கு முன்பே கருகிய நாற்றம் வந்துவிட்டது.

"பதினொண்ணு முடிஞ்சிதுண்ணே. கடைசிப் படத்துல டப்புன்னு ஒரு சத்தம். டிஸ்க்க மட்டும் எடுத்துக் குடுங்க. எல்லாம் அதுலதான் இருக்கு."

பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். சுற்றவில்லை. "போயிடுச்சும்மா" என்றார்.

அவள் அழவில்லை. குனிந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கிண்டல் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்கண்ணே."

சூட்டில் பசை இளகி ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு மூன்று எட்டிப் பார்த்தது. அவள் நிமிர்வதற்குள் அவர் கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"பரவாயில்ல, விடும்மா" என்றார்.