டேங்கைக் கழுவுவது யார்

வேளாண்மைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். 'மருந்தடித்த டேங்கை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்' என்பதை மட்டும் பதினோராயிரம் தடவை சொல்லியிருப்பேன். கல்லிடைக்குறிச்சிக் காக்கைகளுக்கே அது மனப்பாடம். கூட்டத்துக்கு வந்ததெல்லாம் ஆண்கள். பட்டா யார் பேரிலோ அவருக்குத்தானே அழைப்பும் வடையும்!

எங்கள் தெருக் கோடியில் ஞானம்பாள் வீடு. அவர்களுக்கு முக்கால் ஏக்கர் வயல், பட்டா கணவர் கண்ணன் பேரில். நெல் அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்து தூவுவது, களை பறிப்பது, நெற்று ஒடிப்பது, அடித்துப் புடைப்பது, அடுத்த வருஷ விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பது எல்லாம் அவள். மருந்தடிப்பதும் விற்பதும் அவர். உளுந்தையும் குப்பைமேனியையும் அருகருகே வைத்தால் குப்பைமேனிக்கு உரம் போடக்கூடிய மனிதர் அவர்.

இந்த வருஷம் வாழைக்காரர் ஒருவர் அந்த வயலைப் பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்டார். கண்ணன் இளகிவிட்டார். ஞானம்பாள் இளகவில்லை.

"இந்த ஒரு பூவு வெள்ளாமை உளுந்து பாப்போம். வெளஞ்சா வயலு நம்ம கையில. இல்லன்னா கொடுத்திருங்க."

"பேச்சு மாறக்கூடாதுட்டி."

"நான் எப்ப மாறுனேன்?"

என்ன மாயம் செய்தாளோ, உளுந்து காடாக எழுந்தது. உள்ளே யானை படுத்தால் தெரியாது என்று தெருவெல்லாம் சொன்னேன். சரி, முயல் படுத்தால் தெரியாது.

பூ பிடித்த சமயம் புழு விழுந்தது. கண்ணன் டேங்கை எடுத்துப் புழுமருந்து அடித்தார். முதல் நாள்தான் அதே டேங்கில் மாட்டுத் தீவனச் சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்திருந்தார். சோளத்தை விட்டுவிட்டு அகன்ற இலையைத் தேடிக் கொல்லும் மருந்து அது. உளுந்துக்கு அகன்ற இலை.

மூன்றாம் நாள் வயல் முழுவதும் தண்டு முறுக்கி, இலை சுருண்டு, தலை தொங்கிக் கிடந்தது. போய் டேங்கைத் திறந்து மோந்து பார்த்தேன். களைக்கொல்லி வாடை அடித்தது.

"டேங்கக் கழுவுனீராவே?"

கண்ணன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கழுவுறது நம்ம வேலையா சார்? வீட்டுல பொம்பள இருக்கா."

"நீங்கதான மருந்து டேங்கப் பொம்பள தொடக்கூடாதுன்னு சொன்னீய?" என்றாள் ஞானம்பாள். "தொடல."

ஒரு ராத்திரி முழுக்க அது வாய்க்கால் கரையிலேயே கிடந்திருக்கிறது. அவர் அவளுக்காக விட்டுவைத்தார். அவள் சொல்பேச்சுக் கேட்டாள்.

வரப்பில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கண்ணனின் சோட்டாளியான பழைய சிநேகிதர் ஒருவர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"விதை சொத்தைவே. வேற என்ன?"

"விதை யாரு எடுத்து வச்சது?" என்றார் இன்னொருவர்.

எல்லாக் கண்ணும் ஞானம்பாள் பக்கம் திரும்பியது. கண்ணனும் அவளைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

"சொத்தை விதையா இப்படிக் காடா நின்னுச்சு? டேங்குதான்வே கொன்னுருக்கு!" என்று கத்தினேன்.

"எந்தக் காடு சார்? யானை படுத்த காடா?" என்றார் சோட்டாளி.

வரப்பே சிரித்தது. முப்பது வருஷமாக இந்த ஊருக்குக் கதை விட்டவன் அன்றைக்கு ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன். அதை வாங்க ஆளில்லை.

ஞானம்பாள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. குனிந்து ஒரு செடியை நிமிர்த்திவிட்டாள். அது திரும்பவும் சாய்ந்தது.

"வெளஞ்சாத்தான்னு சொன்னேன்லா," என்றாள் கண்ணனிடம். "கொடுத்திருங்க."

அடுத்த வாரம் குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். கண்ணன் ஒருவரின் கையெழுத்தே போதுமாக இருந்தது. வாழை வைக்கும் முன் செத்த செடிகளை அப்புறப்படுத்த நான்கு பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார் வாழைக்காரர். அந்த நால்வரில் முதலில் வயலில் இறங்கியவள் ஞானம்பாள்.

"வேரு அறாம வரணும். பைய இழுங்கட்டி," என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.