துக்கம் வைக்குமிடம்

ஒளிமயம் மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் துக்கத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து அப்படித்தான். சைக்கிள் ஷெட்டில் பாதியை மறித்து இரும்பு அலமாரி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று துக்கத்தைக் கொடுத்து டோக்கன் வாங்குவார்கள். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துத் துக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அலமாரியைப் பார்த்துக்கொண்டது மந்திரமூர்த்தி. அதற்கு முன் அம்மன் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால் வேலை கைவந்திருந்தது. பரீட்சை பயம் லேசு, கேரி பேக்கில் போட்டு ஆணியில் மாட்டிவிடலாம். காதல் தோல்வி ஒழுகும். அடியில் டப்பா வைக்க மறந்தால் தொலைந்தது, கீழ்த்தட்டில் இருப்பதெல்லாம் ஊறிப்போய் யார் எதற்கு அழுவது என்றே தெரியாமல் போய்விடும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லி அடிதடி வரைக்கும் போயிருக்கிறது.

ஏற்பாடு முழுக்க வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கும் தனபாலன் சாருடையது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் உழைப்பாளி. அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். வகுப்பில் நுழைந்ததும் "எப்படி இருக்கீங்க?" என்று கத்துவார். "சூப்பரா இருக்கோம் சார்!" என்று பிள்ளைகள் திருப்பிக் கத்த வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் பாடம் தொடங்கும், அதிராவிட்டால் மறுபடியும் கத்த வேண்டும். சிரிப்பதில் ஃபெயிலானவர்களுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ஆசிரியர்களுக்குத் துக்கம் கிடையாது என்று வேலையில் சேர்க்கும்போதே பேசி முடித்துவிடுவதால் அவர்கள் நேராக உள்ளே போகலாம்.

பத்தாம் வகுப்பு ஆவுடைச்செல்வி கொண்டுவருவது அம்மா செத்துப்போன துக்கம். ஆடி மாதம் வந்தது. பார்க்கத் தூக்குவாளி அளவுதான், ஆனால் கனம் என்றால் அப்படி ஒரு கனம். "மேல்தட்டு தாங்காது தாயி, கீழேயே வைக்கேன்" என்று மந்திரமூர்த்தி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். செல்விக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போக மனசே வராது. வீட்டில் அப்பாவிடமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அவர் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்ததும் இரண்டையும் அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நிம்மதியான நேரம் என்றால் அது ஒன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொண்டு போனது கையில் லேசாக இருந்தது. அன்றைக்கு வகுப்பில் நிறையச் சிரித்திருந்ததால் அப்படித் தெரிகிறது என்று செல்வி நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் தேம்பித் தேம்பி அழுகை வந்தது.

"என்னம்மா, அம்மா ஞாபகமா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. புது போன் கீழ விழுந்து ஸ்க்ரீன் போயிடுச்சு."

"நம்ம வீட்டுல ஏதும்மா புது போன்?"

"நம்மளது இல்லப்பா. இருந்தாலும் தாங்க முடியல."

அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். "இது நம்ம துக்கம் இல்ல. மாத்திக் குடுத்திருக்காங்க" என்றார். செல்வி வேண்டுமென்றே அம்மாவை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது, கடைசியாகக் கேட்ட ஒரு வாய் வெந்நீர் வந்தது. நெஞ்சில் ஒன்றுமே ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரி யாரோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டது போல இருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அம்மா இப்போதுதான் நிஜமாகச் செத்துப்போய்விட்டாள் என்று தோன்றியது, அதற்கும் அழ முடியவில்லை. அப்பாவின் துக்கம் அடுப்படியில் தனியாகக் கிடந்தது. அவரும் சாப்பிடவில்லை.

காலையில் மந்திரமூர்த்தி ஒன்றையும் மறைக்கவில்லை.

"கோயில்ல செருப்பு காணாமப் போனா யாரையும் வெறுங்காலோட அனுப்ப மாட்டேன் தாயி. கேப்பாரில்லாமக் கெடக்கறதுல அளவு பாத்து ஒண்ணக் குடுத்து அனுப்புவேன். அந்தப் பழக்கத்துல குடுத்துட்டேன். போன் ஒடஞ்ச பையன் வேற போன் வாங்கிட்டான், இத வாங்கவே வரல."

"அப்போ என்னுது எங்க தாத்தா?"

"ஒரு ஆளு கைய நீட்டி, அதான் என்னுதுன்னாரு. குடுத்துட்டேன். டோக்கனும் கேக்கல, மூஞ்சியும் பாக்கல. எனக்குக் காலப் பாத்துத்தான் பழக்கம். கூர்மூக்கு ஷூ, நல்ல பாலீஷு."

தலைமையாசிரியர், தொலையும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பலகையைக் காட்டினார். தனபாலன் சார் வகுப்பில் செல்வி எழுந்து நின்று சொன்னாள். சார் முகம் மலர்ந்துவிட்டது.

"கனமானது போயி லேசானது கிடைச்சிருக்கு! இதுக்குப் பேருதான் வாய்ப்பு! எல்லாரும் செல்விக்கு ஜோரா ஒரு கைதட்டு!"

வகுப்பே கைதட்டியது. துக்கமெல்லாம் வாசலில் இருந்ததால் எல்லோரும் மனசாரத் தட்டினார்கள். தலைகுனிந்து நின்ற செல்வி சாரின் ஷூவைப் பார்த்தாள். மூக்கு கூராக இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் சாரை மறித்தாள். "சார், என் துக்கத்தக் குடுங்க."

அவர் மழுப்பவில்லை. லேப்டாப் பையைத் திறந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்க்கையில் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா சங்கரன்கோவில்ல தனியா இருக்காங்க. எப்பப் பேசினாலும் முட்டுவலி, முட்டுவலிம்பாங்க. பாசிட்டிவா இருக்கணும்னு நான் பேச்சையே விட்டுட்டேன். வருஷக்கணக்காச்சு. அழக்கூட வராமப் போச்சு, அதான் உன்னுத வாங்கினேன். நேத்து இத மடியில வச்சதும் என்னையறியாம போன் போட்டுட்டேன்மா. இன்னும் ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டுமே. உனக்கும் பாரம் குறையுமில்ல?"

செல்விக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முடியாது என்று சொல்லும் திறனை அந்த வாரம்தான் அவர் நடத்தியிருந்தார். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது.

"முடியாது சார்" என்றாள் செல்வி, அவர் கண்ணைப் பார்த்து. அப்புறம் தாங்க மாட்டாமல், "அது எங்கம்மா சார்" என்றாள்.

"வெரி குட்" என்றார் சார். காரணம் சொன்னதற்கு அரை மார்க் குறைத்துக்கொண்டு, துக்கத்தை அவளிடம் கொடுத்தார். படியிலிருந்து எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றைக்குச் செல்வி வீட்டில் வயிறு வலிக்க அழுதாள். அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் சங்கரன்கோவிலிலிருந்து சாரின் அம்மா வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கையில் வயர்கூடை, அதில் முறுக்கு, பூ, முட்டுவலித் தைலம். துக்கம் இல்லாத ஆசிரியர்கள்தான் நேராக உள்ளே போகலாம் என்பதால் தனபாலன் சார் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் அம்மாவைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மந்திரமூர்த்தி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கீழ்த்தட்டில் உட்கார வைத்தார். அவள் காலை நீட்டிக்கொண்டாள்.

"இது யாரு வீட்டுதுய்யா, தாயில்லாப் பிள்ள மாதிரி கெடக்கு" என்று பக்கத்தில் இருந்ததை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் செல்வி டோக்கனைக் கொடுத்தாள். மந்திரமூர்த்தி எடுத்துக் கொடுத்த துக்கத்துக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி, மல்லிகைப் பூ வைத்திருந்தது. பையில் போட்டால் பூ கசங்கிவிடும் என்று செல்வி அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.