தாய் மரம் எது

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஓரிரு மாதங்களில் இலங்கையிலிருந்து மாணிக்கவாசகம் மலாக்காவுக்கு வந்தார். ரப்பர் மர நோய்களை ஆராய்பவர். குருபோங் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த சிவகாமசுந்தரிக்கு அவரைக் கடிதங்களில் மட்டுமே பழக்கம்.

இலைகளில் சாம்பல் பூத்ததுபோல் படர்ந்து அவற்றை உதிர்த்துவிடும் நோய் ஒன்று அவர் ஊர்த் தோட்டங்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. எந்த மரங்கள் அதைத் தாங்குகின்றன என்று கண்டதையெல்லாம் சில வருடங்களாக ஒளிக்காமல் அவளுக்கு எழுதி வந்தார். அதை வைத்துத்தான் அவள் இரண்டு ரகங்களைக் கலந்து, நோய் அண்டாத புதுக் கன்றை உருவாக்கினாள்.

அவர் பண்ணைக்கு வருவதற்கு முந்தின நாள் மேலதிகாரி பொன்னுதுரை அவளைக் கூப்பிட்டார்.

"இலங்கைக்காரங்க கம்யூனிஸ்ட் சீனாவுக்கு ரப்பர் விக்கிறாங்க. புது ரகம் அவங்க கைக்குப் போகக் கூடாதாம், மேலிடத்து உத்தரவு. கன்னு மட்டுமில்லம்மா, தகவலும்தான்."

"அவர் குடுத்த தகவல்ல வந்ததுதானே சார்?"

"தெரியும். குடுக்க அனுமதி கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத."

மறுநாள் பண்ணை வாசலிலேயே மாணிக்கவாசகத்தை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தவரை அப்படியே அனுப்ப மனமில்லாமல், சிவகாமசுந்தரி காஜா பேராங்கிலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாள். அக்கா சந்திரமதி மீன் குழம்பு வைத்திருந்தாள்.

இரண்டாம் முறை சோறு போட்டபோது அவர் கேட்டார்.

"கன்றைப் பார்க்க ஏலாது எண்டா பரவாயில்லை, பிள்ளை. தாய் மரம் எதெண்டு மட்டும் சொல்லுங்கோ. அது எங்கட தோட்டத்திலயும் நிக்கும். நாங்களே கலந்து பார்ப்பம்."

சிவகாமசுந்தரி குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லேன்டி. மனுசன் கேக்குறாருல்ல?" என்றாள் அக்கா.

"சொல்ல முடியாதுங்க ஐயா."

அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். "உங்களை நான் குறை சொல்லேல்லை," என்று மட்டும் சொன்னார்.

பஸ் வரும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அவர் போன பிறகு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வீட்டுக்கு வந்து தட்டுகளைக் கழுவினாள். மறுநாள் நாற்றங்காலில் இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தது எதுவும் மனதில் ஏறவில்லை. அந்த ரகத்துக்குப் பெயர் சூட்டிய அன்று கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மேலும் இரண்டு வருடம் போய் அனுமதி வந்தது. பொன்னுதுரை அவள் மேசைக்கே வந்தார்.

"ஒட்டு வைக்கிற குச்சி வெட்டிக் கட்டும்மா. இலங்கையில யாருக்கு அனுப்பணும்?"

"மாணிக்கவாசகம் ஐயாவைத் தேயிலை ஆராய்ச்சிப் பக்கம் மாத்திட்டாங்க சார். அவர் பாத்த ரப்பர் தோட்டத்தையும் நோய்னு வெட்டிட்டாங்களாம்."

"அப்ப?"

"யாருக்கும் அனுப்ப வேணாம் சார்," என்றாள். வெயில் ஏறுமுன் நாற்றுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.