ஆற்றங்கரையிலிருந்து வந்த இரும்பு

படையில் அவரைக் கம்பி என்று கூப்பிட்டார்கள். ஒரு பதுங்குகுழியிலிருந்து இன்னொன்றுக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்துக் கொடுப்பது அவர் வேலை. கூட இருந்த நண்பருக்குத் தூக்கம் என்று பெயர். முதல் குண்டு விழுந்த காலையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். இருவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. கம்பி பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். தூக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷாவருஷம் சண்டை நின்ற தேதியில் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அது ஒரு மாதம்கூட நீடிக்காத சண்டை. ஓர் ஆற்றின் இரு கரைகளுக்கு நடுவே நடந்தது. அரசாங்கம் அதைப் போர் என்று சொல்லவில்லை, எல்லைச் சம்பவம் என்றது. கம்பியின் மனைவிக்கும் அதற்கு மேல் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் போன சண்டை, இவர் பெட்டியப் பிரிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கம்பியும் கூடவே சிரித்துவைப்பார்.

இந்த வருஷமும் தூக்கம் வந்திருந்தார். இருவரும் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தகரக் கொட்டகையில் மனைவி காலையில் லாரி கொட்டிவிட்டுப் போன லோடைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரும்பைத் தனியாக, பித்தளையைத் தனியாகத் தட்டிப் பிரிக்கிற சுத்தியல் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"பாட்டுக்காரன் இருந்திருந்தா இன்னைக்குப் பேரப்பிள்ளைகளோட வந்திருப்பான்" என்றார் தூக்கம்.

பாட்டுக்காரனும் அவர்கள் படையில் இருந்தவன்தான். சண்டை நின்றுவிட்டது என்று அறிவித்த பிறகு, எல்லாரும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். பாட்டுக்காரன் கரைச் சேற்றில் வெடிக்காமல் புதைந்து கிடந்த ஒரு குண்டைப் பிடுங்கி எடுத்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக்காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். "கீழ போடுடா" என்று யாரோ கத்தியதும் போட்டான். அது மண்ணில் விழுந்த சத்தம் கம்பிக்குக் கேட்கவேயில்லை, வெடித்த சத்தம்தான் கேட்டது.

"ஏங்க!" மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இது பித்தளையா இரும்பான்னு கொஞ்சம் வந்து பாருங்க. ஒரே சேறா அப்பியிருக்கு."

"எங்கேருந்து வந்த லோடு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

"ஆத்தங்கரையில பாலம் கட்டத் தோண்டுறாங்களாம்."

அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய கத்திரிக்காய் அளவுக்கு ஒரு இரும்பு. ஒரு முனை கூராக இருந்தது, மறுமுனையில் மீன் வால்போல வளைந்துபோன தகடுகள். சேற்றைத் தட்டி உதிர்க்க அவள் சுத்தியலை ஓங்கியிருந்தாள்.

பின்னால் வந்த தூக்கம்தான் கத்தினார். "தங்கச்சி! அடிக்காதே!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "என்னண்ணே? என்னாச்சு?"

"சுத்தியல மெதுவா அந்தச் சாக்கு மேல வை. மடிய ஆட்டாதே."

அவள் வைத்தாள். இரண்டு கிழவர்களின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மடியில் இருப்பது என்ன என்று அப்போது அவளுக்கே புரிந்துவிட்டது. உதடு வெளுத்தது.

"இத நான் இவ்வளவு நேரமா தட்டிக்கிட்டிருந்தேங்க" என்றாள். சின்னப் பிள்ளை அழப்போகிற குரல்.

தூக்கம் ஒரு பழைய டயரை அவள் காலருகே நகர்த்தினார். மெஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவை அள்ளியள்ளி அதற்குள் திணித்தார். கம்பி அவள் முன்னால் மண்டியிட்டார். குண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து வாங்கி அதில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கையை நீட்டினார். நீட்டிய கை தாறுமாறாக ஆடியது. ஒரு கையால் மறு கையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

"நீ பிடிடா" என்றார்.

தூக்கம் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். அவையும் அப்படித்தான் இருந்தன.

"கால் மரத்துப்போகுதுங்க" என்றாள் அவள். "ரொம்ப நேரம் இப்படியே உட்கார முடியாது."

"அசையாதேம்மா. ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்." அவருக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. ஆற்றுச் சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது.

அவள் அவர் கைகளையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்து அவள் பார்த்ததில்லை.

"நீங்க தள்ளுங்க. நானே வைக்கிறேன்" என்றாள்.

"வேண்டாம்..."

"தள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் விலகினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளிலும் அதை ஏந்தி, இடுப்பிலிருந்து குனிந்தாள். முக்காலி கிறீச்சிட்டது. தூக்கம் கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சு அமுங்கியது. அவள் ஒவ்வொரு விரலாக உருவினாள்.

பிறகு மூவரும் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு அவள் வந்தாள், அவள் முழங்கையைக் கம்பி விடாமல் பிடித்திருந்தார். எதிர்க் கடைச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து போலீஸுக்குப் போன் செய்தார்.

"குண்டா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "இங்க எங்க பெரியவரே குண்டு வரும்?"

"ஆத்தங்கரைச் சண்டையில போட்டதுங்க."

"என்ன சண்டை? நான் கேள்விப்பட்டதே இல்லையே. தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "என் மடியில இருந்துச்சுய்யா! நீ கேள்விப்படலைன்னா அது வெடிக்காதா?"

அதற்கப்புறம் வந்தார்கள். தெருவையே காலி செய்தார்கள். வெடிகுண்டு ஆட்கள் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. கடைசியில் அவர்களின் அதிகாரி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். அவர் முகமும் வியர்த்திருந்தது.

"உயிரோடதான் இருக்கு" என்றார். "லோடுக்கு அடியில இன்னொண்ணும் கிடந்துச்சு."

இரண்டையும் மண் மூட்டை அடுக்கிய வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே பழைய கல்குவாரிக்கு வெடிக்கவைக்கக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். கம்பி தரையில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் தூக்கம். அவர்கள் முதுகின்மேல் ஆளுக்கொரு கையை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் கேட்டாள். "அண்ணன் யாரோ பாட்டுக்காரர்னு சொன்னாரே, அவர் வீட்ல யாருங்க இருந்தாங்க?"

"அம்மா மட்டும்தான்" என்றார் கம்பி. பிறகு ஆறு, சேறு, எல்லாரும் சிரித்தது, அவருக்குக் கேட்காமல் போன சத்தம் என்று முதல்முறையாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கக் கடை திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டு எழுந்தார்கள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவர் மட்டும் தனியாக, வெளியே காட்டாமல் பயந்துகொண்டிருந்தார். இப்போது துணைக்கு அவள். அதை நினைத்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, அப்படி ஆறுதல்படுவது வெட்கமாகவும் இருந்தது.

லாரிக்காரன் மறுபடியும் வந்து ஹாரன் அடித்தான். அவள்தான் வெளியே போனாள்.

"எந்த லோடு?"

"அதே ஆத்தங்கரை லோடுதான்க்கா."

"இறக்காதே. அங்க தோண்டுறவங்ககிட்டப் போய், நிறுத்தச் சொல்லு முதல்ல. மண்ணுக்குள்ள இன்னும் எவ்வளவு கிடக்கோ!" அவள் குரல் உடைந்தது. "எங்க வீட்டுக்காரர் அங்க இருந்தவர். அவர்கிட்டக் கேட்டுக்கச் சொல்லு."

கம்பி வந்து அவளருகில் நின்றார். லாரி திரும்பித் தெருமுனையைத் தாண்டும்வரை இருவரும் உள்ளே போகவில்லை. லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கியபோது, உள்ளே கிடந்த இரும்பு ஒன்றோடொன்று மோதி ஒலித்தது.