பீர் தொட்டி மேல் பிறந்த சோடா

டெக்சாஸின் கேட்டி நகரில் மதன் நடத்தும் சிறிய பீர் ஆலையில் அடுத்த வாரம் பன்னீர் சோடா விற்பனை தொடங்கவிருந்தது. ‘சோடா பிறந்தது அமெரிக்க மருந்துக்கடையில்’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தான். ஆலையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. அவள் கல்லூரியில் வேதியியல் நடத்துபவள்.

“இங்க மருந்துக்கடையில வித்தாங்க, அவ்வளவுதான். பிறந்தது இங்கிலாந்துல, ஒரு பீர் தொட்டி மேல.”

“ப்ரூவ் பண்ணுங்கக்கா, மாத்திடறேன்” என்று மதன் சிரித்தான்.

பீர் புளித்துக்கொண்டிருந்த திறந்த தொட்டிக்கு அருகே அவள் போனாள். நுரைக்கு மேலே தேங்கி நின்ற கரியமில வாயுவுக்குள் இரண்டு கோப்பைகளைப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை கடுத்தும் நிறுத்தவில்லை.

“இருநூத்தம்பது வருஷம் முன்னாடி ஒரு பாதிரியார் இப்படித்தான் பண்ணார். இந்தா, டேஸ்ட் பண்ணு.”

மதன் குடித்தான். நாக்கில் சுருசுருவென்றது. நம்பாமல் இன்னொரு வாய் குடித்தான். பிறகு உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்தான்.

“நீங்களே எழுதிடுங்கக்கா.”

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.