பன்னிரண்டாம் எண்

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான். திருத்திய பிழையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். எண்பத்தாறில், ஆரணியில். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

அப்போது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் கெர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரின் அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அது. மேலே ஓடும் புரோகிராம்கள் எண் சொல்லி அதனிடம் வேலை வாங்கும். பன்னிரண்டு என்றால், தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஒரு வரிசை ஓட்டை போடு என்று அர்த்தம். அந்த ஓட்டைகள் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி விழுந்தன. என் பிழைதான். கண்டுபிடித்துத் திருத்தி, ஊர் ஊராகப் புது பிளாப்பி அனுப்பினேன். பெருமை பிடிபடவில்லை.

பத்தாம் நாள் ஆரணிப் பட்டுச் சங்கத்திலிருந்து தந்தி வந்தது. போனேன். டிசைன் அறையில் தனக்கோடி இருந்தார். டிசைனர் ஜெயவேலின் மனைவி. முந்தைய வருடம் மஞ்சள்காமாலையில் அவர் போய்விட, அந்த வேலை இவருக்கு வந்திருந்தது. ஜெயவேல் போட்ட மாங்காய்க் கரைக்கு அட்டைகள் நைந்துபோய், அவருடைய புரோகிராமை ஓட்டிப் புதிதாக அடித்திருக்கிறார். நெய்த துண்டை என் முன் விரித்தார். ஒரு மாங்காய்க்கும் மூக்கு இல்லை.

“உங்க புரோகிராம்லதான் தப்பு,” என்றேன் வெடுக்கென்று.

“போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே சார் இருந்துச்சு? நடுவுல மாத்தனது யாரு?”

உட்கார்ந்து தேடினேன். மத்தியானம் புரிந்தது. ஜெயவேல் ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிச் சொல்லியிருந்தார். என் பிழை அவருக்கு முன்பே தெரியும்!

“அவர் எங்களுக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே?”

“தறிக்குத் தறி ஒரு கோணல் இருக்கும் சார். அதுக்குத் தக்கன நாமதான் கைய மாத்திக்கினு நெய்யணும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சிருப்பாரு.”

“அவர் எழுதிவச்ச பேப்பர் இருக்கா? அதுல திருத்திடலாம்.”

“வீடு மாத்தறப்போ மழையில ஊறிப் பூடுச்சி சார்.”

ஓடுகிற பிளாப்பி மட்டும்தான் மிச்சம். அதில் இருப்பது மெஷினுக்கு மட்டும் புரிகிற எண்கள்; அதைத் திருத்த வழியில்லை. அட்டை சரியாக வராவிட்டால் அந்தக் கரையையே நிறுத்திவிடுவதாகச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

“அவரு போட்டதுல இது ஒண்ணுதான் சார் இன்னும் ஓடிகினு இருக்குது,” என்றார் தனக்கோடி.

ஓட்டையைச் சரியாகப் போடும் வேலைக்கு முப்பத்தொன்று என்று புது எண் கொடுத்தேன். பன்னிரண்டில் பழைய பிழையை அப்படியே வைத்தேன். மறுநாள் புது அட்டைகளைத் தறியில் ஏற்றி நெசவாளர் அருணாச்சலம் நாலு விரல்கடை நெய்தார். மூக்கு வந்துவிட்டது. தனக்கோடி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“தப்பத் திருத்திட்டீங்களா சார்?”

“இல்லீங்க. திரும்ப வச்சிட்டேன்.”

அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

எண்பத்தொன்பதில் கெர்னலை அடியோடு மாற்றி எழுதினோம். கூட வேலை செய்த ராமதாஸ் பன்னிரண்டாம் எண்ணில் வந்து நின்றான்.

“இந்தத் தப்ப யாருக்காக சார் வச்சிகினு இருக்கீங்க?”

“ஜெயவேலுக்கு. ஆரணி.”

“அவரைக் கேட்டுட்டு எடுத்துடலாமா?”

“அவர் செத்து நாலு வருஷம் ஆச்சுப்பா. புரோகிராம் ஓடிகினு இருக்குது. தொடாதே.”