சேனையா, ஏத்தங்காயா?

1

மனித குலத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு. மனக்கோளாறுகள் அனைத்துக்கும் எண் கொடுத்தாயிற்று. உலக சுகாதார நிறுவனம் போட்ட உலகப் புத்தகம் ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர்கள் போட்ட அமெரிக்கப் புத்தகம் ஒன்று. இரண்டிலும் அகப்படாமல் இனி ஒருவரும் தப்ப முடியாது. இதைக் கொண்டாடும் முகமாகக் கதை எழுத உட்கார்ந்தேன்.

கதை கிடைத்த இடம், நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரின் வராந்தா. (நான் எதற்குப் போனேன் என்பது கதைக்கு வேண்டாதது.) பக்கத்து நாற்காலிகளில் ஒரு தாயும் மகளும். காதில் விழுந்தது கொஞ்சம்; மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “நெல்வயல்களைத் தழுவி வந்த காற்றில் அழகியநாயகியின் சோகம்...” அடித்துவிட்டேன். காற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: அழகியநாயகியின் மகன் நாகேந்திரன் தக்கலைப் பக்கம் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்தான். எட்டு மாதமாகிறது. அவளுக்குத் தூக்கமில்லை, அடுக்களையில் தனியாகப் பேசுகிறாள். மகள் ரஷ்மி பயந்துபோய் இங்கே கூட்டி வந்தாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ரஷ்மியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்.

“மகன் குரல் கேக்குதாம்மா?”

“கேக்கும்.”

“என்ன சொல்லுவார்?”

“வடசேரி சந்தையில நிக்கேம்மா, சேனை வாங்கட்டா, ஏத்தங்காய் வாங்கட்டான்னு கேப்பான்.”

“நீங்க பதில் சொல்லுவீங்களா?”

“பெத்த பிள்ளை கேட்டா பதில் சொல்லாண்டாமா? ஏத்தங்காய் போதும் மக்கான்னு சொல்லுவேன்.”

டாக்டர் எழுதினார்: இல்லாத குரல் கேட்டல், அதனுடன் உரையாடல். எண் தயார், மாத்திரையும் தயார்.

போனிலா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. செத்தவன் போனில் அல்லாமல் வேறு எப்படிப் பேசுவான் என்று நினைத்திருப்பாள்.

(டாக்டரைக் கொடியவராகத்தான் முதலில் படைத்தேன். ஆனால் வாசலில் தேர்க்கூட்டம். மனிதர் மத்தியானச் சோறுகூடத் தின்னவில்லை. வில்லனாக நிற்க மறுத்துவிட்டார். கதைக்கு அது நஷ்டம்.)

4

டாக்டர் ரஷ்மியை உள்ளே கூப்பிட்டு, அம்மாவுக்குக் குரல் கேட்கிறது என்றார். அவள் உண்மையைச் சொன்னாள். “அது அண்ணன் கடைசியா அனுப்புன வாய்ஸ் மெசேஜ், டாக்டர். அம்மை அதத்தான் போட்டுப் போட்டுக் கேக்கா.”

டாக்டர் எழுதியதை உடனே அடித்தார். ஆனால் அடித்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாதே. ‘நீடித்த துக்கம்’ என்று ஒரு நோய் இருக்கிறது. உலகப் புத்தகத்தின்படி துக்கத்துக்கு ஆறு மாதம் அனுமதி. அமெரிக்கப் புத்தகத்தின்படி ஒரு வருடம்.* எட்டாவது மாதத்தில் அழகியநாயகி ஒன்றில் நோயாளி, மற்றதில் வெறும் தாய். மேசைமேல் இருந்தது உலகப் புத்தகம்.

எண் மாறியது. மாத்திரை மாறவில்லை.

“அந்த மெசேஜைக் கேக்க விடாதீங்க” என்றார் டாக்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் அழகியநாயகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, மாத்திரைய எத்தன வேணும்னாலும் திங்கேன். அத மட்டும் எடுத்துராத.”

* வேறு நிபந்தனைகளும் உண்டு. படித்துப் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் பொருந்தும்.

5

அடுத்த மாதம்.

“இப்ப குரல் கேக்குதாம்மா?”

“இல்ல.”

‘நல்ல முன்னேற்றம்’ என்று டாக்டர் எழுதினார்.

முடிவை உங்களிடமே விடுகிறேன். குரல் நின்றதற்குக் காரணம்:

(அ) மாத்திரை.
(ஆ) காலம்.
(இ) எந்தப் பதில் சொன்னால் டாக்டர் விடுவார் என்பதை அவள் கற்றுக்கொண்டாள்.

ஒன்றில் டிக் போடுங்கள். போட்டே ஆக வேண்டும். கட்டத்தைக் காலியாக விடுகிறவர்களுக்கும் புத்தகத்தில் ஓர்...

ரஷ்மி அந்த மெசேஜை அழித்துவிட்டாள்.